கார்டீனாவின் சீட்டு மண்டபம்

லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்குப் போய் மீண்டவர்கள் ஹொலிவூட்டைப் பற்றி எழுதுவார்கள். அல்லது பசிபிக் சமுத்திரக் கரையிலே சூரியன் மறையும் கோலத்தை வருணிப்பார்கள். நாமும் அவற்றைப் பார்த்தோம். ஆயினும் 2018 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் அந்நகரிற் கழித்த பதினெட்டு நாட்களுள் எம் மனத்தில் ஆழப் பதிந்த இடம், எந்த வழிகாட்டியும் ஒரு கல்லூரி ஆசிரியருக்குக் காட்டத் துணியாத இடமாகும். கார்டீனா என்னும் சிறு நகரிலே உள்ள ஒரு சீட்டாட்ட மண்டபமே அது.

இதைப் படித்ததும் எம்மிடம் கற்ற மாணவர் சிலர் நகைப்பர் என்பதை அறிவோம். விடுதியிலே தலையணையின் கீழ்ச் சீட்டுக்கட்டு வைத்திருந்தமைக்காக நால்வரைத் தந்தையரோடு வரும்படி வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாமே. ஆதலால் போன காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நலம்.

எம் தமக்கையாரின் மகன் அந்நகரிலே கணினிப் பொறியியலாளனாக இருக்கிறான். நாம் புறப்படுவதற்கு முதல் நாள், பயற்றம் பணியாரமும் பனங்கட்டியும் கட்டிய பொதியை எம் கையிலே தந்த தமக்கையார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, அவன் சனிக்கிழமையிலை காட்ஸ் விளையாடப் போறானாம். ஆரோ சொல்லிச்சினம். போய்ப் பார்த்து உள்ளதைச் சொல்லு. எனக்கு ஒளிக்காதை" என்றார். அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாய்வழிப் பாட்டனார் எட்டுப் பரப்புப் பனங்காணியை ஒரே இரவிலே கடுதாசி விளையாட்டிலே தோற்றவர். அவர் அன்று விடியும் வரை சீட்டையும் தெய்வத்தையும் வைதுகொண்டே திண்ணையில் இருந்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காணி இன்றைக்கும் எங்கள் வேலிக்கு அப்பால் வேறொருவர் காணியாகவே கிடக்கிறது. தமக்கையார் நாள்தோறும் அதைப் பார்த்தபடிதான் முற்றம் கூட்டுகிறார்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே மருமகனிடம் நேராகக் கேட்டோம். அவன் மறுக்கவில்லை. "ஓம் மாமா, போறனான். சனிக்கிழமை நீங்களும் வாங்கோ. பார்த்துப்போட்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்றான்.

நகரின் நடுவிலிருந்து தெற்கே துறைமுகத்தை நோக்கி ஓடும் பெருவழியிலே ஏறத்தாழ 14 மைல் சென்றால் கார்டீனா வரும். வரும் என்று சொல்கிறோமே தவிர, ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவதை அங்கே கண்டுகொள்ளுதல் எளிதன்று. எம் நாட்டிலே ஒரு வயல்வெளியோ தரவையோ இடையில் வந்து ஊரை ஊரினின்றும் பிரித்துக் காட்டும். அங்கே தெருவோரத்துப் பலகை ஒன்றுதான் பிரிக்கிறது. தாழ்ந்த கூரை வீடுகள்; அளவான முற்றங்கள்; சில முற்றங்களிலே கிளை கிளையாகக் கத்தரித்து ஒழுங்கு செய்த பைன் மரங்கள். அம்மரங்கள் ஜப்பானியர் கைவண்ணம் என்று மருமகன் சொன்னான். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜப்பானிய உழவர் இப்பக்கம் வந்து ஸ்ட்ரோபெரிப் பழத்தோட்டம் செய்தனர். 1942 இல் யுத்தத்தைக் காரணங்காட்டி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களிலே கொண்டுபோய் அடைத்தது. யுத்தம் ஓய்ந்தபின் பலர் இவ்வூருக்கே மீண்டனர்.

இத்தகைய அமைதியான ஊருக்குச் சீட்டாட்டம் வந்த கதை சட்டப் புத்தகத்திலே தொடங்குகிறது. 1885 இல் கலிபோர்ணியா மாநிலம் சில சூதாட்டங்களைத் தடைசெய்தபோது, அப்பட்டியலிலே 'ஸ்டட் ஹோர்ஸ் போக்கர்' என்னும் ஆட்டத்தின் பெயரும் சேர்ந்தது. 1911 இல் அம்மாநிலத்தின் சட்டமா அதிபராயிருந்த வெப் என்பவர், சீட்டை மாற்றி எடுத்து ஆடும் 'டிரோ போக்கர்' அப்பட்டியலிலே இல்லை, அது திறமையால் ஆடப்படுவது என்று அபிப்பிராயம் கூறினார். அதன்பின் அனுமதிப்பதும் விடுப்பதும் அவ்வவ்வூரின் பொறுப்பாயிற்று. 1930 இல் நகரசபை பெற்ற கார்டீனா, 1936 இல் தன் முதலாவது சீட்டாட்டக் கழகத்தைக் கண்டது. பின்பு கழகங்கள் ஆறாயின. ஒரு தலைமுறைக் காலம் அம்மாநிலத்திலே போக்கர் என்றால் கார்டீனா என்றே பொருள். ஒழுக்கத்திற் கவலை கொண்டோர் இவற்றை மூடுவிக்கப் பலமுறை வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தனர். கழகங்கள் செலுத்திய வரிப்பணமே வென்றது. ஹயானோ என்னும் மானிடவியல் அறிஞர் இவ்வூர்ச் சீட்டாட்டக்காரரிடையே இருந்து ஆராய்ந்து 1982 இல் ஒரு நூலே எழுதினார் என்றால் இதன் பெருமையை—அல்லது சிறுமையை—வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளிலே அயலூர்கள் பெரிய மண்டபங்களைத் திறக்க, கார்டீனாவின் பழைய கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கின. நாம் சென்றபோது இருந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்றின் பெயரைக் குடும்பத்தார் கூடிப் படிக்கும் இப்பகுதியில் எழுதக் கூச்சமாயிருக்கிறது. அதை நிறுவியவர் வேறொரு தினுசான சஞ்சிகை நடத்திப் பொருளீட்டியவர். நாம் எந்த மண்டபத்துக்குப் போனோம் என்பதை இதனாலேயே சொல்லாது விடுகிறோம்.

புகையும் கூச்சலும் குடிவெறியும் இருக்கும் என்று எண்ணியே உள்ளே கால்வைத்தோம். கண்டது முற்றிலும் வேறு. புகைத்தலை அங்கே சட்டம் தடுக்கிறது. மேசை மேசையாக மனிதர் குனிந்திருந்த காட்சி எமக்குப் பரீட்சை மண்டபத்தையே நினைவூட்டியது. பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் வட்டச் சில்லுகளைக் கை சும்மா இராமல் உருட்டிக்கொண்டிருப்பதால், சோளகக் காற்றிலே காவோலை உரசுவது போன்ற ஓசை ஓயாது கேட்டது. லொறிச் சாரதிகள், இளைப்பாறிய உத்தியோகத்தர், கொரியர், பிலிப்பீனர், மெக்சிக்கர், கம்பளிச் சட்டையணிந்த கிழவிகள் எனப் பலதிறத்தார் இருந்தனர். மருமகன் அமர்ந்த மேசையிலே அவனோடு ஒன்பது பேர். மேற்பார்வையாளரிடம் கேட்டு அவனுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு எம்மை இருத்தினான்.

அங்கு ஆடப்பட்டது ரெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகை. கலிபோர்ணியாக் கழகங்களுக்கு 1987 இல்தான் அது வந்து சேர்ந்தது. ஆட்டத்தைத் தெரியாதார்க்குச் சிறிது சொல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். பின்பு மேசை நடுவிலே எல்லார்க்கும் பொதுவாக முதலில் மூன்றும், அப்பால் ஒன்றும், கடைசியில் ஒன்றுமாக ஐந்து சீட்டு விரிக்கப்படும். தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து மிகச் சிறந்த ஐந்தை அமைப்பவர் குவியலைக் கொள்வார். சோடியிலும் ஒரே எண்ணில் மூன்று பெரிது. அதனிலும் எண் வரிசையாக ஐந்து பெரிது. அதனிலும் ஒரே இனத்தில் ஐந்து பெரிது. சீட்டு வரும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு பந்தயச் சுற்று நடக்கும். கட்ட விரும்பாதவர் மேசையைத் தட்டிவிடலாம். ஒருவர் கட்டினால் அடுத்தவர் சீட்டை எறிந்து விலகலாம், அதே தொகையைக் கட்டித் தொடரலாம், அல்லது ஏற்றலாம்.

தொலைக்காட்சியிலே போக்கர் பார்த்தவர்கள், ஒருவன் தன் சில்லு முழுவதையும் இரு கையாலும் நடுவே தள்ளுவதைக் கண்டிருப்பார்கள். இந்த மேசையில் அதற்கு இடமில்லை. இது வரம்புப் போக்கர். முதலிரு சுற்றுகளிலும் நான்கு டொலர்தான் கட்டலாம். பின்னிரு சுற்றுகளிலும் எட்டு டொலர்தான். ஏற்றினாலும் அதே அளவாலேயே ஏற்றலாம். அதுவும் ஒரு சுற்றில் மும்முறைக்கு மேல் இல்லை. எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் ஒருவன் சொல்லக்கூடிய விலைக்கு வாய்ப்பூட்டு உண்டு.

எம் பாட்டனார் ஆடிய திண்ணையிலே இப்படியொரு வரம்பு இருந்திருந்தால் எட்டுப் பரப்பும் எங்கள் வேலிக்குள் இருந்திருக்கும் என்ற எண்ணமே எமக்கு முதலில் எழுந்தது.

மருமகனுக்கு நேரெதிரே எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஜப்பானிய வம்சத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்கு மேல் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியிலே தொங்கவிட்டிருந்தார். சில்லுகளை ஐந்தைந்தாக அடுக்கி, நெற்குதிரைக் காப்பவர் போலக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் விசேடமாக ஒன்றும் நிகழவில்லை. மருமகன் பத்துக்கு எட்டு முறை சீட்டை எறிந்துவிட்டுச் சும்மா இருந்தான். சூதாடிகள் ஓயாது ஆடுவர் என்று எண்ணியிருந்த எமக்கு இப்பொறுமையே புதுமையாயிற்று. பின்பு அவனுக்கு எட்டுச் சோடி வந்தது. நால்வர் தலைக்கு நான்கு டொலர் கட்டினர். ஐந்தாமவர் ஒருவர் தொடக்கத்தில் வைக்கவேண்டிய இரண்டு டொலரை வைத்துவிட்டு விலகினார். ஆகக் குவியல் 18 டொலர். நடுவே ஒரு ராசா, ஓர் எட்டு, ஓர் ஐந்து விழுந்தன. மூன்றும் மூன்று இனம். எட்டு மூன்றாகி, அந்நேரத்திலே அம்மேசையின் மிக வலிய சீட்டுகளுள் ஒன்று அவன் கைக்கு வந்துவிட்டது.

மற்ற மூவரும் ஒருவர்பின் ஒருவராக மேசையைத் தட்டினர். கடைசி முறை அவனுடையது. சற்று யோசித்தான். அவனும் தட்டினான்.

எமக்கு அது மிக்க சாமர்த்தியமாகவே பட்டது. யாழ்ப்பாணத்திலே 304 ஆடியவர் எவரும் அவ்வாறே எண்ணுவர். அங்கே துரும்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கையில் வலிமை இருப்பதை முகத்திலே காட்டாது, எதிராளி தானே வந்து விழும் வரை காத்திருப்பவனன்றோ கெட்டிக்காரன்? இவனும் அடுத்த சுற்றிலே பந்தயம் இரட்டிக்கும்போது பிடிக்கலாம் என்று பதுங்குகிறான் என விளங்கிக்கொண்டு உள்ளூர மகிழ்ந்தோம். சீட்டாடுவோரைத் தண்டித்த ஆசிரியர் இவ்வளவு விரைவிலே கட்சி மாறியதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாலாவது பொதுச் சீட்டாக ஓர் ஆறு விழுந்தது. மூதாட்டி எட்டு டொலர் கட்டினார். மருமகன் பதினாறாக ஏற்றினான். அவர் கண்ணாடியை அணிந்து தம் சீட்டை மறுபடியும் பார்த்துவிட்டு இருபத்துநான்காக ஏற்றினார். இவன் முகம் வாடிற்று. அத்தொகையை ஈடுசெய்தான், கடைசிச் சீட்டு எவருக்கும் உதவாத ஒரு ராணி, அவர் கட்டிய எட்டையும் கொடுத்தான். மூதாட்டி விரித்தவை ஒன்பதும் ஏழும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. முப்பத்தாறு டொலர் போய்விட்டது.

"நீ முதலிலே கட்டியிருந்தால் நான் எழுந்து தேநீர் குடிக்கப் போயிருப்பேன், மகனே" என்றார் மூதாட்டி, சில்லுகளை அடுக்கிக்கொண்டே. அவர் குரலிலே ஏளனம் இல்லை.

மருமகன் எழுந்து வந்தான். மண்டபத்தின் ஒரு பக்கத்துச் சாப்பாட்டுச் சாலையிலே நூடில்ஸ் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். நாம் ஆறுதலாக, "விதி அப்படி, தம்பி. ஓர் ஆறு வருமென்று யார் கண்டார்?" என்றோம். அவன் தலையை அசைத்தான். "விதி இல்லை மாமா. என்ரை பிழை. ஆறு வராதுதான். அவவுக்குத் தெரியாத சீட்டு நாற்பத்தேழு. அதிலை நாலுதான் ஆறு. பத்துக்கு ஒன்றிலும் குறைஞ்ச ஆசை அது. நான் நாலு டொலர் கட்டியிருந்தா, இருபத்திரண்டு டொலருக்கு ஆசைப்பட்டு நாலு குடுக்க வேண்டி வந்திருக்கும். அது கட்டாத வியாபாரம். அவ நல்லாய் ஆடுறவ, போயிருப்பா. நான் அவவுக்கு அந்தச் சீட்டை இனாமாய்க் குடுத்தனான்."

நாம் 304 நியாயத்தைச் சொன்னோம். அவன் அதை மறுத்துச் சொன்ன விதம் எம்மைச் சிந்திக்க வைத்தது. 304 இல் எட்டுச் சீட்டும் கைக்கு வந்தபின் எதிராளியின் கை மேலும் வளராது. ஹோல்டத்திலே ஒவ்வொரு பொதுச் சீட்டாலும் எல்லார் கையும் வளர்கின்றன. இன்றைக்கு வலியது நாளைக்கும் வலியது என்று சொல்ல இயலாது. ஆகவே வலிய கையை உடையவன் நேரத்தை விற்பவன். விலை வாங்காமல் நேரத்தைக் கொடுப்பவன் தன் சரக்கைத் தெருவிலே கொட்டுகிறான். வரம்பு இல்லாத ஆட்டத்திலே ஒருமுறை பதுங்கினாலும் பிறகு பெருந்தொகை கேட்டு இழந்ததை ஈடுசெய்யலாம். வரம்புள்ள ஆட்டத்திலே ஒரு நேரத்தில் கேட்கத் தவறிய நான்கு டொலரை மீட்பது கடினம்.

"அப்படியானால் பதுங்கவே கூடாதா?" என்றோம்.

"பதுங்கலாம் மாமா, எப்பவாவது. என்ரை கை எவராலும் முந்த முடியாததாய் இருக்க வேணும். மற்றவையிடம் ஒன்றுமே இல்லாமல், நான் கட்டினா எல்லாரும் போயிடுவினம் எண்ட நிலையும் இருக்க வேணும். ஒரே எண்ணிலை நாலும் வந்தால் பதுங்கலாம். அப்ப இனாமாய் வாற சீட்டு அவைக்கு இரண்டாவது பெரிய கையைத் தரும். அதுக்கு அவை காசு கட்டுவினம். இண்டைக்கு மூண்டு பேர் இருந்தவை, ராசா ஒண்டு விழுந்து கிடந்தது. ராசா வைச்சிருந்தவன் ஒருத்தன் எனக்கு நாலு டொலர் தந்திருப்பான். எனக்குப் பேராசை. அதைக் கெட்டித்தனம் எண்டு நினைச்சிட்டன்."

கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 2015 இல் இவ்வரம்புப் போக்கரை இருவர் ஆடும் நிலையிலே ஏறத்தாழ முற்றாகத் தீர்த்துவிட்டனர் என்பதையும் அவன் அப்போதுதான் சொன்னான். ஆயிரக்கணக்கான கணினிக் கருவிகள் இரண்டு மாதத்துக்கு மேல் தமக்குத் தாமே ஆடிக் கற்ற முறையாம் அது. 'சீபியஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது தான் முதலிலே ஆடும்போது ஒன்றில் ஏற்றும், அல்லது எறியும். சும்மா ஈடுகட்டி நுழைவது மிக மிக அரிதாம். அதேவேளை முதற்சுற்றிலே, எத்தனை வலிய கை வந்தாலும், அனுமதித்த கடைசி ஏற்றம் வரை போவதும் அதற்கு அரிதாம். வேகமும் அடக்கமும் சேர்ந்த இந்நடை எமக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்பது பேர் மேசைக்கு அப்படியொரு தீர்ந்த விடை கிடையாது என்றும் அவன் சேர்த்துச் சொன்னான்.

மீண்டும் மேசைக்குப் போனோம். பத்தரை மணியளவிலே அவனுக்கு ராசாச் சோடி வந்தது. இம்முறை எடுத்த எடுப்பிலே எட்டு டொலராக ஏற்றினான். மூதாட்டி உட்பட மூவர் தொடர்ந்தனர். விலகிய ஒருவரின் இரண்டு டொலரோடு குவியல் 34. நடுவே இஸ்கோப்பனில் ராசா, இஸ்கோப்பனில் ஒன்பது, வேறினத்து ஒரு நாலு. ராசா மூன்றாயிற்று. ஆனால் இஸ்கோப்பன் இரண்டு கிடப்பது எமக்கே அச்சமாயிருந்தது. (இஸ்கோப்பன், கிளாவர் என்று ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர்களை நாம் சொன்னபோது மருமகன், இவற்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று சிரித்தான்.)

மூதாட்டி நான்கு டொலர் கட்டினார். தொப்பி போட்ட ஒருவர் ஈடுகட்டினார். மருமகன் எட்டாக ஏற்றினான், நாலாமவர் போய்விட்டார். மூதாட்டி பன்னிரண்டாக ஏற்றினார், தொப்பிக்காரரும் போனார். மருமகன் தயங்காமல் பதினாறாக ஏற்றினான். அதற்குமேல் அங்கே வழியில்லை.

அப்போது எம் மனம் சங்கடப்பட்டது. கம்பளிச் சட்டை நூல் பிரிந்த ஒரு கிழவியம்மையை எதிரே வைத்துக்கொண்டு, கையிலே மூன்று ராசாக்களோடு இவன் இப்படி நெருக்குவது தகுமா? அவனை மெல்லத் தொட்டோம். அவன் திரும்பவில்லை.

அடுத்து ஒன்றுக்கும் உதவாத இரண்டு ஒன்று விழுந்தது. மூதாட்டி தட்டினார். இவன் எட்டுக் கட்டினான். அவர் ஈடுகட்டினார். கடைசிச் சீட்டு இஸ்கோப்பனில் ஏழு. அவர் கட்டினார், இவன் பெருமூச்சோடு ஈடுகட்டினான். அவர் விரித்தவை இஸ்கோப்பன் ஆசும் ஆறும். ஒரே இனத்தில் ஐந்து. இம்முறை நாற்பது டொலர்.

மருமகன் சிரித்தான். உண்மையான சிரிப்பு. "நல்லாய் ஆடினீங்கள்" என்று ஆங்கிலத்திலே மூதாட்டிக்குச் சொன்னான்.

முதலிலும் பெருந்தொகை தோற்றுவிட்டுச் சிரிக்கிறானே என்று வியந்தோம். கணக்கை அவன் சொல்லவே விளங்கிற்று. கடைசிச் சீட்டுக்கு முன் அவர்கள் இருவர் கையிலும் மேசையிலுமாக எட்டுச் சீட்டு, மிகுதி நாற்பத்துநான்கு. அவற்றுள் இஸ்கோப்பன் ஒன்பது இருந்தாலும், நாலோ இரண்டோ இஸ்கோப்பனாக வந்தால் இவனுக்கு மேலும் பெரிய கை அமைந்துவிடும். ஆக மூதாட்டிக்கு உதவுபவை ஏழே. ஏழு முறை தோற்று முப்பத்தேழு முறை வெல்லும் இடத்திலே எவனும் கட்டத்தான் வேண்டும். இதைவிட நுட்பமானது இன்னொன்று. மூதாட்டி எட்டு டொலர் கொடுத்தபோது குவியலிலே 78 டொலர் இருந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு கிடைக்கும் இடத்தில், ஆறு முறைக்கு ஒருமுறை நிறைவேறும் ஆசைக்கு விலை கொடுப்பது அவருக்கும் நியாயமே. இவன் கேட்டதும் சரி. அவர் கொடுத்ததும் சரி. வரம்பு இருப்பதனால், வலியவன் எவ்வளவு நெருக்கினாலும் மெலியவரை முற்றாகத் துரத்த இயலாது. இப்படி இருபக்கமும் சரியாக நடந்து ஒருபக்கம் தோற்கும் வழக்கை நாம் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

இரவு பதினொரு மணிக்கு மூதாட்டி எழுந்தார். வெளிவாயிலிலே தம் மகளின் காருக்காகக் காத்து நின்றபோது எம்மோடு பேசினார். நாம் மருமகனின் கடுமைக்காக மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொன்னோம். அவர் கையை அசைத்தார். "முதல் ஆட்டத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. இரக்கப்பட்டுத் தட்டினானோ என்று எண்ணினேன். இரண்டாவதில் என்னை ஆளாக மதித்தான்" என்றார். தாம் இவ்வூரிலே வளர்ந்ததாகவும் ஆனால் பிறந்தது ஒரு முகாமிலே என்றும் சொன்னார். முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் எம் ஊரை விசாரித்தார், சொன்னோம். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கார் வந்தது.

திரும்பும் வழியிலே மருமகன் தன் சிறு குறிப்புப் புத்தகத்தை எம் மடியிலே போட்டான். இரண்டாண்டும் சில மாதங்களும், 64 இரவு, ஒவ்வோர் இரவின் மணிக்கணக்கும் வரவும் செலவும் மையினால் எழுதப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தால் 870 டொலர் நட்டம். எம் நாட்டுப் பணத்திலே அன்றைய விலைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. "ஆட்களிட்டை நான் தோற்கேல்லை மாமா, மண்டபத்திட்டைத்தான் தோற்கிறன்" என்றான். அம்மாநிலச் சட்டப்படி மண்டபத்தார் குவியலில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு எடுக்கலாகாது. பழைய கழகங்கள் அரைமணிக்கு ஒருமுறை இருக்கைக் கட்டணம் வாங்கின. இந்த மேசையிலே ஆட்டத்துக்கு ஆட்டம் சில டொலர் வாங்கினார்கள். நான்கு டொலர்ப் பந்தயத்திலே அக்கட்டணம் கறையான் போல அரிக்கிறது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதை மீறுவது கடினம் என்பதை அவனே ஒப்புக்கொண்டான்.

அப்படியானால் ஏன் போகிறாய் என்று கேட்டோம். கிழமை முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மனிதரின் முகத்தைப் பார்க்க வேறு இடம் தெரியவில்லை என்றான். இவ்விடை எமக்குத் திருப்தி தரவில்லை. ஓரிரவுக்கு ஆறு மணித்தியாலம் என்றால் அறுபத்துநான்கு இரவுக்கு 384 மணித்தியாலம். அவ்வளவு நேரத்தில் ஒரு மொழியைக் கற்கலாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். அன்று அதே மண்டபத்திலே பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு மூன்று முறை போய்வந்த ஓர் இளைஞனையும் நினைவூட்டினோம். மருமகன் தன் சட்டைப்பையைத் திறந்து காட்டினான். சாரதிப் பத்திரமும் மிஞ்சிய சில நோட்டுகளும் மட்டுமே இருந்தன. வங்கி அட்டையை வீட்டிலே வைத்துவிட்டு, இருநூறு டொலரோடு மட்டுமே புறப்படுவானாம்.

மறுநாள் தமக்கையாரோடு தொலைபேசியிற் பேசினோம்.

"விளையாடுறானோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"எவ்வளவு போட்டுது?"

தொகையைச் சொன்னோம். மறுபக்கம் சிறிது நேரம் ஓசையில்லை. முற்றத்திலே காகம் கரைவது கேட்டது.

"நீ பார்த்த அண்டைக்கு வெண்டவனோ தோத்தவனோ?"

"பெரிய ஆட்டம் இரண்டு. இரண்டிலும் தோற்றான். முதலாவதிலே முகம் வாடிப்போனது, இரண்டாவதிலே சிரித்தான்."

"தோத்துப்போட்டு ஏன் சிரிச்சவன்?"

நாம் நாற்பத்துநான்கு சீட்டிலே ஏழு என்று தொடங்கினோம். மூன்று ராசா வரை பொறுமையாகக் கேட்டார்.

"சீட்டை வைதவனோ?" என்று இடைமறித்தார்.

"இல்லை அக்கா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலாவதிலே தன்னைத்தான் நொந்துகொண்டான்."

"அப்ப சரி. கண்காட்டி மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் அந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்பச் சொல்லு" என்றவர், சற்றுப் பொறுத்து, "பயற்றம் பணியாரம் நமத்துப் போகேல்லையே?" என்று கேட்டார்.